மூன்றாவது சாப்பாடு

மும்பையிலிருந்து நியூயார்க்குக்கு அம்மா முதன்முறையாகத் தனியே பறந்தாள். மணிக்கணக்கு குழப்பும் என்று, "மூணு தடவ சாப்பாடு தருவாங்க. மூணாவது முடிஞ்சா இறங்கிடும்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மாலை புனேயில், ஹிஞ்சேவாடி நெரிசலில் கம்பெனி கேப் நின்றிருந்தபோது அம்மாவைக் கூட்டிப்போக நியூயார்க் விமான நிலையத்துக்கு வந்திருந்த தம்பி அழைத்தான். "எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அம்மாவ மட்டும் காணோம்ண்ணா!"

"ஏர்லைன்ஸ்காரங்ககிட்ட கேளுடா!" என்று கத்தினேன். "க்யா ஹுவா, சார்?" என்று, என்ன ஆச்சென டிரைவர் திரும்பிக் கேட்டார்.

மறுபடி போன் அடித்தது. அம்மா!

"ரெண்டு சாப்பாடுதான்டா வந்துச்சு. நடுவுல வேற ஊருல நிக்குதுன்னு நெனச்சு உக்காந்துட்டேன். ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுதான் கூட்டியாந்துச்சு."

ஒரு சாப்பாட்டு நேரத்தில் தூங்கிவிட்டிருக்கிறாள்.

எல்லோரும் இறங்கிப் போன விமானத்தில், என் பேச்சை நம்பி, பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாளாம். இப்போதெல்லாம் அவளிடம் எதையும் சும்மா சொல்லிவிட எனக்குப் பயமாக இருக்கிறது.