ஆசியா உம்மா மருமகனின் புள்ளிகள்

கல்முனைக்குடியில் ஓர் ஆண் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் முதலில் தொலைவது அவனுடைய பெயர். மருதமுனையில் தையற்கார ஸைனுலாப்தீனாக இருந்தவர், 1947ஆம் ஆண்டு சுல்பிகாவை முடித்து அவளுடைய தாயின் வளவுக்குள் குடிவந்த நாள் முதல் ‘ஆசியா உம்மாட மருமகன்’ ஆனார். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை என்னவென்றால், அந்தப் பெயரை அவருக்கு நான்கு வருடம் முன்பே இன்னொருவர் எடுத்திருந்தார். மூத்த மகள் உம்முவை முடித்த சாய்ந்தமருது ஜவுபரும் ஆசியா உம்மாட மருமகன்தான்.

ஒரே வளவுக்குள் மூன்று வீடுகள். நடுவில் மாமியார். கிழக்கே ஜவுபர், மேற்கே ஸைனுலாப்தீன். ஜவுபருக்குக் கடற்கரையில் மீன் வாடி இருந்தது. தோணி இரண்டு, ஆட்கள் ஒன்பது பேர். ஸைனுலாப்தீனுக்குச் சந்தை வீதியில் ஒரு தையல் மெஷின். ஊரில் பாதிப் பேருடைய உடம்பளவு அவருடைய அளவுக் கொப்பியில் இருந்தது. ஜவுபரின் மார்பு நாற்பத்தொரு அங்குலம். தன் மார்பு முப்பத்து நான்கு என்பதும் அவருக்குத் தெரியும். ஏழு வருடமாக இந்த ஏழு அங்குலம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

வீட்டில் எதைத் தொட்டாலும் அது பெண் வீட்டார் கொடுத்தது. வீடு, கிணறு, கட்டில், அலுமாரி எல்லாமே அப்படித்தான். “இது மருமகன் கொண்டுவந்தது” என்று மாமியார் விருந்தாளிகளுக்குக் காட்டும்படியான ஒரு பொருளாவது தன் கையால் வந்து சுவரில் ஏறவேண்டும் என்பது ஸைனுலாப்தீனின் ஆசை.

அந்த ஆசைக்கு வழி காட்டியது அப்துல் கபூர் ஹாஜியாரின் கடை. ஒரு பக்கம் பலசரக்கு, மறுபக்கம் மருந்து. 1954 ஜனவரி முதலாம் திகதி வெள்ளிக்கிழமை, கடை வாசலில் ஒரு கரும்பலகை ஏறியது. ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு புள்ளி. மருந்துப் பக்கத்தில் வாங்கினால் ரூபாய்க்கு இரண்டு புள்ளி. நூறு புள்ளி சேர்ந்தால் ஆறு கண்ணாடிக் குவளை. நூற்றைம்பதுக்கு எனமல் பூசிய பெரிய சகன், பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் தட்டு. முந்நூறுக்குச் சுவர் மணிக்கூடு, அது ஒன்றே ஒன்றுதான். ஜூலை முப்பத்தோராம் திகதி மாலையோடு மீதிப் புள்ளி எல்லாம் செத்துப்போகும்.

துண்டு கொடுத்தால் தொலைத்துவிட்டு வந்து சண்டை பிடிப்பார்கள் என்று ஹாஜியார் ஒரு பெரிய கொப்பி போட்டார். வீட்டுக்கு ஒரு பக்கம். வீட்டில் யார் வந்து வாங்கினாலும் வீட்டுப் பெயரைச் சொன்னால் போதும், அந்தப் பக்கத்தில் புள்ளி ஏறும். கொப்பிக்குப் பொறுப்பு பாண்டிருப்பு அழகரெத்தினம். முத்துப் போன்ற எழுத்து, ஆனால் சதம் விட்டுக்கொடுக்காத ஆள். தொண்ணூற்றைந்து சதத்துக்கு வாங்கினால் புள்ளி கிடையாது. ஆகவே ஊரார் ஐந்து சதத்துக்கு நெருப்புப் பெட்டி வாங்கி ரூபாயை நிரப்பினார்கள். அந்த வருடம் கல்முனைக்குடியில் நெருப்புப் பெட்டி இல்லாத வீடு இல்லை.

முதல் நாள் ஸைனுலாப்தீன் சீனியும் தேயிலையும் வாங்கினார்.

“ஆர்ர வீடு, காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் அழகரெத்தினம்.

“ஆசியா உம்மாட மருமகன்.”

அழகரெத்தினம் எழுதிக்கொண்டான். ஸைனுலாப்தீனும் தன் அளவுக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டார்: மூன்று.

மார்ச் மாத முடிவில், கூடுதல் புள்ளி எடுத்த மூன்று வீடுகளின் பெயரைக் கரும்பலகையில் போட்டார்கள். ஸைனுலாப்தீன் பார்க்கப் போனார். முதலாவது, பேக்கரி வீடு, நூற்று முப்பத்து நான்கு. இரண்டாவது, ஆசியா உம்மா மருமகன், நூற்று இருபத்தொன்று.

அவர் கொப்பியை எடுத்துக் கடைசித் தாளைப் பார்த்தார். ஐம்பத்து நான்கு. அப்படியானால் பலகையில் இருப்பது அவர் இல்லை. வேறு யார்? ஜவுபர்தான். புள்ளியில் முந்தியது ஒருபுறம் இருக்கட்டும். பெயரையும் அல்லவா அந்த மனிதர் தனக்கென்று எழுதிவைத்துக்கொண்டார்! ஏழு வருடம் இந்த வளவில் இருந்தும் ஊருக்கு ஆசியா உம்மாட மருமகன் என்றால் ஜவுபர் ஒருவர்தான்.

அன்றிலிருந்து அவருக்குக் கண் முழுக்க கிழக்கு வீட்டில்தான். உம்மு ராத்தா புதுச் சவுக்காரத்தோடு கிணற்றடிக்கு வந்தால், அதில் எத்தனை புள்ளி என்று மனம் கணக்குப் போட்டது. ஜவுபரின் பிள்ளை இருமினால், ‘இருமல் மருந்து, இரட்டைப் புள்ளி’ என்று தோன்றியது. அல்லாஹ் தன் பிள்ளைகளை மட்டும் ஏன் இவ்வளவு சுகமாக வைத்திருக்கிறான் என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டு, உடனே தௌபாச் செய்து மன்னிப்புக் கேட்டார்.

நோய் இல்லாவிட்டாலும் மருந்து வாங்கலாம் என்பது பிறகுதான் பட்டது. ஓமத்தண்ணீர், தலைவலித் தைலம், மீனெண்ணெய் என்று போத்தல்கள் அலுமாரியில் வரிசை கட்டின.

“ஊட்டுல ஒருத்தருக்கும் இருமல் இல்ல,” என்றாள் சுல்பிகா. “இருமுறது ஆரு, ஒங்கட கொப்பியா?”

“வருமுன் காக்கிறதுகா.”

“கடல் காலடியில கிடக்கு. ராத்தாட புருசன் மீன் முதலாளி. நீங்க போத்தல்ல மீனெண்ணெ வாங்குறீங்க. ஊர் சிரிக்கும். அதோட, கபூர் ஹாஜியார்ர கடையில சவுக்காரம் மத்தக் கடைய விட மூணு சதம் கூட. தெரியுமா?”

“அங்க புள்ளி இல்லயே.”

“அந்த மூணு சதத்தச் சேத்துவச்சா மணிக்கூட்ட நாமளே வாங்கிரலாம்.”

கணக்கு அவருக்கும் தெரியும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய மணிக்கூடு நேரம் மட்டுமே காட்டும். புள்ளியில் வென்ற மணிக்கூடு ஆளையும் காட்டும். அது கிழக்கு வீட்டுச் சுவரில் ஏறினால் ஒவ்வொரு மணிக்கும் அடிக்கும், ஒவ்வொரு அடியும் இடையிலுள்ள பதினெட்டுக் கவடு தூரத்தையும் கடந்து தன் காதில் விழும். அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது?

பெருநாள் தையலுக்கு வந்தவர்களிடம், “கடைக்குப் போற வேல இருந்தா சொல்லுங்க, நானே வாங்கித் தாறன்,” என்று கேட்கத் தொடங்கினார். சட்டை தைக்க வந்த பாண்டிருப்பு அன்னப்பிள்ளைக்கு மூட்டுவலித் தைலம் வாங்கிக்கொடுத்து நான்கு புள்ளி எடுத்தார். “தங்கமான மனிசன்,” என்று அன்னப்பிள்ளை ஊரெல்லாம் சொன்னாள்.

மே மாத நடுவில், நோன்பு காலத்தில், ஜவுபரே பெருநாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். ஸைனுலாப்தீன் நாடாவைச் சுற்றினார். நாற்பத்தொன்று. ஜவுபரின் பார்வை மூலையில் இருந்த கடைப் பையிலேயே நின்றது.

“என்ன தம்பி, இண்டைக்கும் கடையா? பரக்கத்துக் கொட்டுது!”

நக்கல் என்று ஸைனுலாப்தீனுக்குத் தைத்தது. “நாங்க உங்களப் போல வருமா, காக்கா,” என்றார் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு.

“நம்மளயெல்லாம் ஏன் கேக்குறீங்க,” என்று ஜவுபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது பெரிய மனிதனின் அடக்கம் என்று ஸைனுலாப்தீன் எடுத்துக்கொண்டார். அந்த அடக்கத்தின் மீதும் அவருக்குப் பொறாமை வந்தது.

மே முடிவில் பலகை: ஆசியா உம்மா மருமகன், இருநூற்றுப் பன்னிரண்டு. முதலாம் இடம். அளவுக் கொப்பியில் தொண்ணூற்றேழு. பெருநாள் தையல் கூலி முழுவதையும் கொட்டியும் தொண்ணூற்றேழு! தான் ஒரு அடி வைத்தால் அந்த மனிதர் இரண்டு அடி வைக்கிறார். ஜூலை நடுவில் மணிக்கூட்டின் ஆசையை அவர் விட்டார். பொறாமையை விட முடியவில்லை.

கடைசி நாள் சனிக்கிழமை. ஜவுபர் மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கக் கூடாது என்று, காலை எட்டு மணிக்கே தன் ஆறு குவளையை எடுத்துவரப் புறப்பட்டார். அளவுக் கொப்பியில் நூற்று நாற்பத்தொன்று நின்றது.

“வாங்க காக்கா, உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கன்,” என்று அழகரெத்தினம் எழுந்தான். மேல் தட்டிலிருந்து மணிக்கூட்டை இறக்கி, துடைத்து, அவர் கையில் வைத்தான். “முந்நூற்று நாலு. கையொப்பம் போடுங்க.”

கையில் கனத்தது. பித்தளை ஊசல் ஒருமுறை அசைந்தது. ஸைனுலாப்தீன் கடைக் கொப்பியைக் குனிந்து பார்த்தார். தலைப்பு, ஆசியா உம்மா மருமகன். ஏப்ரல் இருபத்தேழு, ஆறு புள்ளி: அது அவருடையது. அடுத்த வரி, எட்டு: அவருடையது இல்லை. அடுத்தது அன்னப்பிள்ளையின் தைலம், நான்கு. அதற்கடுத்தது இல்லை. விரல் கீழே போகப்போக அவருக்கு விளங்கியது. இரண்டு பேரும் வந்து ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அழகரெத்தினம் ஒரே வீடு என்று ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறான். ஏழு மாதமாக, தான் வாங்கிய ஒவ்வொரு போத்தலும் பலகையில் ஏறி, தன்னையே பார்த்துப் பல்லைக் காட்டியிருக்கிறது.

முந்நூற்று நான்கில் நூற்று நாற்பத்தொன்றைக் கழித்தார். நூற்று அறுபத்து மூன்று. அது ஜவுபருடையது. இருபத்திரண்டு கூட.

கையொப்பம் போட்டுவிட்டு நடந்தால் முடிந்தது. பேனையைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது வாசலில் ஒரு பெரிய நிழல் விழுந்தது.

“மாஷா அல்லாஹ்,” என்றார் ஜவுபர். முகம் செத்துப்போயிருந்தது. “எடுத்துட்டீங்களா தம்பி. நான் மார்ச்சிலயே நினைச்ச.” பிறகு அழகரெத்தினத்திடம் தாழ்ந்த குரலில், “எனக்கு எத்தின கிடக்கு எண்டு பாருங்க. குவளைக்காவது வருமா?”

“உங்கட ஊட்டுப் பேர்?”

“ஆசியா உம்மாட மருமகன்.”

அழகரெத்தினம் இவரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான். பிறகு, “முதலாளி!” என்று மருந்துப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

ஹாஜியார் வந்து விசயத்தைக் கேட்டுச் சிரித்தார். “ஆசியா உம்மாக்கு மருமகன் ரெண்டு எண்டு எனக்குத் தெரியும். இந்த அழகரெத்தினத்துக்குத் தெரியாது. சரி, பிரிச்சா மணிக்கூடு ஒருத்தருக்கும் இல்ல. ஒருத்தருக்குச் சகன், ஒருத்தருக்குக் குவளை. ஆருக்கு எத்தின?”

“நான் எண்ணல்ல,” என்றார் ஜவுபர். “பலகையப் பாத்து அது தம்பி எண்டு வாங்கிக்கிட்டே போன. தம்பி குறிச்சிருப்பாரு. கணக்கான ஆளு.”

மூன்று பேரும் ஸைனுலாப்தீனைப் பார்த்தார்கள். சட்டைப் பைக்குள் அளவுக் கொப்பி இருந்தது. அதை எடுத்தால் சகன் கிழக்கு வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு கந்தூரிக்கும் அந்தச் சகனில் சோறு வரும், தான் அதில் கையை வைத்துத் தின்ன வேண்டும். அவர் மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துப் பையை மறைத்தார்.

“நானும் குறிக்கல்ல,” என்றார். “பிரிக்க வேணாம் ஹாஜியார். பேரு மாமிட பேரு. மாமிட ஊட்டுலயே மாட்டுவம்.”

“அதான் மனிசத் தன்மை,” என்றார் ஹாஜியார்.

திரும்பும் வழியில் ஜவுபர் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, “தம்பி, ஒண்டு சொல்லட்டா? ஒங்களால எனக்கு நாலு மாசமா சோறு இறங்கல்ல. ஒரு மெஷின வச்சிக்கிட்டு இந்த மனிசன் எப்பிடி இவ்வளவு வாங்குறான் எண்டு. வாடியில ஒம்பது பேருக்கும் பிளேன்ரீக்கு ரெட்டிப்புச் சீனி போடவச்ச. உம்மு ஏசாத ஏச்சு இல்ல.”

ஸைனுலாப்தீன் நின்றுவிட்டார். நாற்பத்தொரு அங்குல மனிதர், தோணி இரண்டு உள்ளவர், தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்! அதுவும் நான்கு மாதம்! அன்றே தெரிந்திருந்தால் எவ்வளவு ஆனந்தமாக இருந்திருக்கும். அந்த நான்கு மாதமும் வீணாய்ப் போய்விட்டதே!

“ஒங்கட பங்கு இருநூறுக்குக் கொறயாது,” என்றார் ஜவுபர். “என்ட பங்கு என்ன, நூறு வந்தாப் பெரிய விசயம்.”

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஸைனுலாப்தீன் மணிக்கூட்டை மறு தோளுக்கு மாற்றினார். “அது கிடக்கட்டும் காக்கா,” என்றார்.

ஆசியா உம்மா மணிக்கூட்டை மண்டபச் சுவரில், வாசலுக்கு நேரே மாட்டச் சொன்னாள். வந்தவர்களிடமெல்லாம், “மருமகன்மாரு கொண்டந்த. கூடுதல் சின்னவர்ர புள்ளிதானாம், மூத்தவரே சொன்னாரு,” என்றாள். ஜவுபரும் பக்கத்தில் இருந்து, ஓம் என்று தலையாட்டினார். மணிக்கூடு அடிப்பது நடு வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கேட்டது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் ஜவுபர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். ஸைனுலாப்தீன் நாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்தார். புருவத்தை உயர்த்தினார். “கைய இறக்குங்க காக்கா,” என்று சொல்லி மறுபடியும் சுற்றினார். நாற்பதுதான், ஒரு அங்குலம் குறைந்திருந்தது.

அளவுக் கொப்பியை விரித்தார். கடைசித் தாளில் இருந்த நூற்று நாற்பத்தொன்று தெரியாதபடி ஒரு விரலால் மறைத்துக்கொண்டு, முன்பக்கத்தில் நாற்பது என்று, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினார்.