பூக்கைக்காரர் மென்ற இலை

அந்த முடிதிருத்தும் கடைக்காரரை எல்லோரும் 'பூக்கை' என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தி தோலில் படுவதே தெரியாது.

ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். அடுத்த கடை இஸ்திரிக்காரர், தொட்டியோடு ஒரு சிறியாநங்கைச் செடியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"காய்ச்சல்னா எங்க வீட்டுல இதைத்தான் காய்ச்சிக் குடிப்போம். பூச்சி கடிச்சா அரைச்சுப் பூசுவோம். சர்க்கரைக்கும் கேக்குமாம். வெறும் வயித்துல மூணு இலை மெல்லுங்க."

கசப்பு மதியம்வரை நாக்கை விட்டுப் போகவில்லை. இவ்வளவு கசப்பது சும்மா விடுமா என்று பூக்கை நம்பினார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை மளமளவென்று இறங்கியிருந்தது. டாக்டர் பாராட்டினார். இலையைப் பற்றி இவர் மூச்சுவிடவில்லை. மூன்று இலை ஏழாயிற்று, பிறகு ஒரு கைப்பிடி. மாத்திரையும் தப்பவில்லை.

காற்றாடிக்குக் கீழேயே சட்டை தொப்பலாக நனையத் தொடங்கியது. தெரிந்த முகத்துக்குப் பெயர் வரவில்லை. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் காது மடலில் ரத்தம் துளிர்த்தது. இருபது வருஷத்தில் முதல் முறை.

"கை நடுங்குதே, டாக்டரைப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"வயசாகுதுல்ல. சும்மா இரு."

மறுநாள் காலை மனைவியின் தம்பி சவரத்துக்கு வந்தான். சாய்ந்து உட்கார்ந்து, "மாமா, அக்கா மேல இருக்கற கோபத்தை என் கழுத்துல காட்டிடாதீங்க" என்று சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

பாதிச் சவரத்தில் பூக்கைக்குக் கண் இருட்டியது. தன் கையில் இருப்பது என்ன, எதிரே நுரை பூசிக் கிடப்பது யார், எதுவும் புரியவில்லை. கத்தி தொண்டைக்குழியில் நின்றது. கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. இதை விட்டுவிடு என்று மட்டும் உள்ளே ஏதோ கத்தியது. விரல்களைப் பலங்கொண்டமட்டும் விரித்தார். கத்தி தரையில் விழுந்தது. பக்கத்திலேயே அவரும்.

மச்சான் துள்ளி எழுந்தான். கழுத்தில் நூல்போல ஒரு சிவப்புக் கோடு.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை முப்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. கண் விழித்ததும் பூக்கை இலையைப் பற்றிச் சொன்னார். "மாத்திரையும் இலையும் சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியா இறக்கி ஆளையே தள்ளியிருக்கு. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றார் டாக்டர்.

இலையை விட்டார். உடம்பு தேறியது. பத்து நாள் கழித்துக் கடை திறந்தபோது முதலில் வந்து உட்கார்ந்தது மச்சான்தான். "போடுங்க மாமா, எனக்கு ஒண்ணும் பயமில்ல."

நுரை பூசினார். கத்தியை எடுத்தார். கையில் துளி நடுக்கம் இல்லை. ஆனாலும் அந்தச் சிவப்புக் கோடு இருந்த இடத்தைத் தாண்டிக் கத்தி நகர மறுத்தது. துண்டை எடுத்து நுரையைத் துடைத்துவிட்டார்.

"சவரத்துக்கு ஒரு ஆளைப் போட்டுக்கறேன் மாப்பிள்ளை. இனி எனக்கு முடி வெட்டற வேலை மட்டும் போதும்."