ஜைலானியின் கட்டைவிரல்

மஸ்னாவுக்குச் சோதனைச் சாவடியில் இருக்கிற அந்தக் கைரேகை எந்திரத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அத்தனை பேரின் விரலையும் வாங்கிக்கொள்கிற அந்தச் சனியன், அவள் புருஷன் ஜைலானியின் விரலை மட்டும் வாங்காது. சிமெண்டிலேயே கிடந்து ரேகையெல்லாம் தேய்ந்துபோன விரல். தினமும் சிவப்பு விளக்கு எரியும். தினமும் அவரை ஓரமாக அதிகாரி மேசைக்கு அனுப்புவார்கள்.

"விரலை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா, அபாங்?" என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கேட்பாள்.

"உன் பாத்திரத்தைத் தேச்சுத் தேச்சே போயிடுச்சு, போடி!" என்பார் அவர்.

அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. சோதனை முடிந்தவர் கீழே இறங்கி அடுத்த பேருந்தில் ஏறிவிட வேண்டும். மஸ்னா மட்டும் மனசு கேட்காமல் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும்; பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

அந்தத் திங்கட்கிழமை, பாலத்தில் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தபோதே அவர் நெஞ்சைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

"என்னமோ அடைக்குதுடி."

"ராத்திரி அசாம் பெடாஸ் புளிக்குழம்பு மீனை அந்த வெட்டு வெட்டினா அடைக்காம என்ன செய்யும்? திரும்பிடலாமா?"

"இன்னொரு நாள் லேட்டாப் போனா உன்னை வேலைய விட்டுத் தூக்கிடுவான். நீ போயிக்கிட்டே இரு. பின்னாலயே வர்றேன்."

அவள் விரலுக்குப் பச்சை எரிந்தது. திரும்பிப் பார்த்தாள். அவருக்கு வழக்கம்போலச் சிவப்பு. 'போ, போ' என்று கையை ஆட்டினார். போனாள்.

பேருந்தில் ஒரு பையன் கேட்டான்: "இங்க யாராச்சும் வர்றாங்களா, அக்கா?"

"என் வீட்டுக்காரர் வர்றாரு, தம்பி."

வண்டி கிளம்பியது. பையை எடுத்தாள்.

சாப்பாட்டுக் கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கமாரியா கைபேசியில் அழைத்தாள். அன்று வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருந்தவள் அவள்தான்.

"மேசை முன்னாலயே விழுந்துட்டாரு, மஸ்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள... 'அவ போயிட்டாளா'ன்னு கேட்டாரு. போயிட்டான்னு சொன்னேன். 'நல்லது'ன்னாரு."

அடிப்பாவி, ஒரே ஒரு நாள் நின்றிருக்கக் கூடாதா என்று மஸ்னா தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அந்த வேலை என்ன பெரிய வேலை? எச்சில் தட்டு கழுவுகிற வேலை!

அன்று சாயங்காலம் ஜைலானியை வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்தார்கள். வழியில் சோதனைச் சாவடியில் அவளை இறக்கி எந்திரத்துக்கு அனுப்பினார்கள். வேனுக்குள் எட்டிப் பார்த்த அதிகாரி, ஆஸ்பத்திரித் தாளையும் ஜைலானியின் கடவுச்சீட்டையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய விரலை யாரும் கேட்கவில்லை.

மஸ்னா தன் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு எரிந்தது. அழுது அழுது கண்ணைத் துடைத்த விரல், ஊறிப் போயிருந்தது. பாவாடையில் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"ஓரமா மேசைக்கு வாங்கம்மா," என்ற அதிகாரி, வேன் ஓட்டுநரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நீங்க போங்க. அவங்க பின்னால வருவாங்க."

வேன் நகர்ந்தது.

"ஐயோ, நிக்கச் சொல்லுங்க!" மஸ்னா கத்திக்கொண்டே ஓடினாள். "அவரை நிக்கச் சொல்லுங்க!"