பொட்டு வைத்த மருந்து டப்பா

வார்டு ஆபீஸ் ஆட்கள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரி காலையிலேயே சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் பபேடான் தெருவுக்கு இது புதிதில்லை. யார் யார் இருக்கிறீர்கள் என்று குடும்பப் பட்டியலைப் பார்ப்பார்கள். தோன்றினால் அலமாரியையும் திறக்கச் சொல்வார்கள். ஒளிக்க ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒரு தடவை எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கத் தோன்றும். என் மகள் எதற்கும் இருக்கட்டும் என்று மேல்தட்டை ஒழிக்க ஏறினாள். அவளுக்குப் பயம் வந்தால் பர்மியத்தில்தான் வாய் திறக்கும்.

"அம்மா, டா பாலே? இது என்னது?"

அவள் கையில் கரும்பச்சை நிறத்தில் ஒரு தகர டப்பா. பக்கவாட்டில் வெடிமருந்து என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. மூடியில் மங்கிப்போன ஒரு குங்குமப் பொட்டு. வெறும் டப்பாதான், பல வருஷமாக வெறும் டப்பா. ஆனால் வருகிறவர்களுக்கு அந்த எழுத்து மட்டும் போதாதா? மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். லேசாகக் கந்தக வாடை. அல்லது அது என் மூக்கின் ஞாபகமாக இருக்கலாம். இந்த வயதில் எது மூக்கு, எது ஞாபகம் என்று யாருக்குத் தெரியும்!

அந்தப் பொட்டை வைத்தவள் நான்தான். அந்தக் கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது நாங்கள் இன்சீனில், ரயில் பட்டறைக்குப் பக்கத்தில் மர வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பட்டறையில் ஃபிட்டர். லைசென்ஸ் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆற்றைத் தாண்டி தன்லியின் ஊர்ப் பக்கத்து வயல்களுக்கு வாத்து சுடப் போவார். கடையில் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் சுட்ட பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மருந்து போட்டு மறுபடி தோட்டாவாக்குவார்.

அந்த வேலைக்கு உட்காரும்போது அவர் வேறு ஆள். சுருட்டும் தீப்பெட்டியும் வாசல் படியிலேயே நின்றுவிடும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைப்பார். குட்டித் தராசு, உறையை அழுத்தி மூடும் சின்னக் கை மெஷின், பித்தளைக் கரண்டி எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டி, இடுப்பில் கட்டிக் கிழிந்த லோஞ்சித் துணியில் சுற்றி வைப்பார். மருந்து டப்பாவுக்குப் பின்தாழ்வாரத்தில், வெயில் படாத மூலையில் ஒரு மரப்பெட்டி. நெருப்புப் பொறி தரும் கேப்புகளுக்கு வீட்டின் மறுகோடியில் வேறு பெட்டி. நடுவில் நான் ஏதாவது கேட்டால் பதில் வராது. கட்டின பெண்டாட்டியைவிடத் தகர டப்பாவிடம் கரிசனம் என்று எனக்கு உள்ளுக்குள் புகைச்சல்.

"அதத் தொடாத" என்பார். அவ்வளவுதான் சொல்வார்.

ஆயுத பூஜை வந்தது. காலையில் அவர் பட்டறைப் பூஜைக்குப் போய்விட்டார். வீட்டுப் பூஜை என் பொறுப்பு. தொழில் செய்யும் சாமான் ஒன்றையும் விடக்கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. என் டைப்ரைட்டர், மாமியாரின் தையல் மெஷின், அரிவாள்மனை, சுத்தியல், ஸ்பானர் எல்லாம் வரிசையில் வந்தாயிற்று. அவருடைய தோட்டாச் சாமானை மட்டும் விட்டால் சாமிக்கு அடுக்குமா? விட்டதற்காக அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தொடாதே என்றது சும்மா குடைவதைத்தான், பூஜைக்கு இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

எடுத்தேன். தராசுக்கும் கை மெஷினுக்கும் தையல் மெஷின் எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்தேன். மருந்தையும் கேப்பையும் இந்த மனுஷர் ஏன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார் என்று பரிதாபப்பட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பூஜையில் எதையும் மூடி வைக்கக்கூடாது. டைப்ரைட்டர் மூடியைக் கழற்றினேன், மருந்து டப்பாவின் மூடியையும் திருகி, பாதி திறந்த மாதிரி சாய்த்து வைத்தேன். பொட்டும் வைத்தேன். ஊதுபத்தி செருகிய வாழைப்பழத்துக்கு இடமில்லை. அதை அந்த டப்பாவின் மேலேயே சாய்த்துவிட்டேன்.

என் புத்தியை என்னவென்று சொல்ல!

மாமியார் கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டைச் சுற்றினார். நான் ஐந்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் வந்தார், நெற்றியில் பட்டறைக் குங்குமம், சட்டையில் பூசணிக்காய்ச் சிதறல். வாசலில் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றியவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். ஊதுபத்தியின் சாம்பல் விரல் நீளத்துக்கு வளைந்து, திறந்த மூடிக்கு நேர் மேலே தொங்கியது. நுனியில் கங்கு.

அவர் கத்தவில்லை. கையை நீட்டி விசிறியை அணைத்தார்.

"பாப்பாவத் தூக்கிட்டு வெளிய போ. ஓடாத. மெதுவாப் போ."

நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்தேன். மாமியார் தட்டை நிறுத்தவில்லை.

"அம்மா, போதும், நிறுத்து."

"நடுவுல நிறுத்தக் கூடாதுடா! கற்பூரம் அணைஞ்சா ஆகாது!"

"அணைக்க வேணாம்மா. எரியட்டும். தட்டோட அப்படியே பின்னாடி வா. முத்தத்துல நின்னு காட்டு, சாமி பாக்கும்."

அவர் குரல் தாலாட்டு மாதிரி இருந்தது. மாமியார் முனகிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். நான் எப்படி எழுந்தேன், எப்படி வாசலைத் தாண்டினேன் என்பது நினைவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தார். ஒரு கை டப்பாவின் வாய்க்கு மேல் கூரையாக விரிந்திருந்தது, மறு கை வாழைப்பழத்தைத் தூக்கியது. சாம்பல் உடைந்து கங்கோடு புறங்கையில் விழுந்தது. அவர் அசையவில்லை. ஒவ்வோர் அடியாகப் பின்வைத்து முற்றத்துக்கு வந்து, தண்ணீர் வாளியில் பழம், பத்தி எல்லாவற்றையும் போட்டார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

மருந்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பாழாக்கினார். என் எண்ணெய்க் கை பட்ட கேப்புகளும் வீணாய்ப் போயின. அந்த வருஷம் வாத்துக்கறி கிடையாது. எனக்கு நல்ல திட்டு விழும் என்று காத்திருந்தேன். திட்டு விழுந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். அவர் சுருட்டைப் பற்றவைக்காமல் படியில் உட்கார்ந்து, கங்கு சுட்ட புறங்கையை ஊதிக்கொண்டிருந்தார்.

"தொடாதன்னு சொன்னேனே தவிர, ஏன்னு ஒரு நாளும் சொல்லலியே நான்" என்றார்.

அதற்குத்தான் அழுதேன். மறுநாள் மரப்பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து சாவியை என்னிடம் கொடுத்தார். அதன்பிறகு அவர் மருந்து எடுக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். "சுருட்டு எங்க? வெளிய வச்சாச்சா? கைய காட்டுங்க" என்று அதட்டாமல் நான் சாவியைத் தந்ததே இல்லை. சில வருஷம் கழித்துத் துப்பாக்கியையும் மிச்ச மருந்தையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். டப்பாவை மட்டும் நான் கழுவி வைத்துக்கொண்டேன். பொட்டு இருந்த இடத்தை மட்டும் தேய்க்கவில்லை.

மகளிடம் கதை சொல்ல இன்று நேரமில்லை. "அப்போ மடியில இருந்தது நீதான்" என்று மட்டும் சொன்னேன். அவள் டப்பாவைக் காலால் மிதித்து நசுக்கி, காய்கறித் தோலுக்கு அடியில் வைத்து, முனைக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் என் வீட்டுக்காரருக்கே கோபம் வந்திருக்கும்.

பத்து மணிக்கு வந்தார்கள். பட்டியலைப் பார்த்தார்கள். இரண்டு பேர்தானா என்றார்கள். ஒரு பையில் கைவிட்டார்கள், ஓர் அலமாரியைத் திறந்தார்கள். போகிற போக்கில் ஒருவன் சாமி அலமாரியில், என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் கிடந்த சின்னச் சாவியைக் கையில் எடுத்தான். என் மகளின் முகம் வெளிறிப் போனது.

"இது எந்தப் பெட்டிக்கு?" என்று கேட்டான்.

"பெட்டி இல்லை" என்றேன்.

உள்ளங்கையில் புரட்டிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பெட்டி இல்லை, டப்பா இல்லை, இன்சீன் வீடு இல்லை. சாவி வேண்டும் என்று என் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டி நிற்க, அந்த மனுஷரும் இல்லை.