சாவி கேட்ட மரம் அறுப்பவர்

தொடர்மழையில் வேர் தளர்ந்து, எங்கள் வரிச்சிக்குடி வீட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது தூங்குமூஞ்சி மரம். அதை அறுக்க வந்தவர் ஒல்லியாக இருந்தார். முகம் பார்த்துப் பேசவில்லை. வீட்டில் எத்தனை பேர், பின்கதவு உண்டா என்றுதான் முதலில் கேட்டார். எங்களை வெளியே அனுப்பி, கதவுகளைப் பூட்டச் சொல்லிக் கையை நீட்டினார்.

"சாவிய எங்கிட்ட குடுங்க சார்."

"உங்களுக்கு எதுக்குங்க?"

"மரம் சாயுறப்பதான் எதையாச்சும் எடுக்க உள்ள ஓடுவாங்க."

கொடுத்தேன். ஆனால் மரத்தைப் பார்க்காமல், சாவியைப் போட்டுக்கொண்ட அவர் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினால் அறுத்த வெட்டில் ஆப்பு செருகிச் சம்மட்டியால் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் நிறுத்தி, அண்ணாந்து பார்த்தார். அவர் குனிந்திருந்த நேரத்தில் என் மனைவி போனை எடுக்க வாசலுக்கு ஓடினாள். பூட்டைப் பார்த்துத் திரும்பினாள். அடுத்த அடியில் காய்ந்த கிளை ஒன்று முறிந்து வாசற்படியில் விழுந்தது.

மரம் வீட்டுக்கு எதிர்ப்பக்கக் காலிமனையில் விழுந்தபின் சாவியைத் தந்தார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வாங்க சார். அதுவரைக்கும் நிக்கிறேன்."

"அதெல்லாம் வேணாங்க" என்றேன். ஆனாலும் உள்ளே போய் பீரோவைத் திறந்து பார்த்தேன். வெளியே வந்தபோது அங்கேயே நின்றிருந்தார்.

அவர் கோபத்தில் அப்படிச் சொன்னாரா, எல்லா வீட்டிலும் சொல்வதுதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.