ஸ்பானர் ஏற்றிய லிஃப்ட் படம்

இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவரைத் தெருவே 'ஸ்பானர்' என்றுதான் கூப்பிடும். பெற்ற மகளே போனில் அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருக்கிறாள் என்று கேள்வி. ஓய்வுக்குப் பிறகும் மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஊர் உலகமெல்லாம் சேர்ந்து எழுதுகிற இணையக் கலைக்களஞ்சியத்தில் லிஃப்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டார். எழுத்துப்பிழைக்குக் குறைவிருக்காது. விஷயத்தில் மட்டும் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.

அதில் அவருடைய செல்லப்பிள்ளை, பழைய காப்பீட்டு அலுவலகத்தின் மடக்குக் கதவு லிஃப்ட் பற்றிய கட்டுரை. கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு படம். அதில் மீசை கறுப்பாக இருந்த காலத்து ஸ்பானர், இரண்டு கையாலும் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதை ஸ்கேன் செய்து ஏற்றினார். எடுத்தவர் யார் என்ற கட்டத்தில் 'சொந்த ஆக்கம்' என்று தட்டினார். ஸ்கேன் செய்தது நான்தானே என்பது அவர் நியாயம்.

மறுநாளே அறிவிப்பு வந்துவிட்டது. படங்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் கேட்டிருந்தார்: "படத்தில் இருப்பது நீங்கள்தான் என்கிறீர்கள். உங்கள் இரண்டு கையும் கதவில் இருக்கிறது. கேமராவை அழுத்தியது யார்? அவருடைய அனுமதி மின்னஞ்சல் ஏழு நாளில் வராவிட்டால் படம் நீக்கப்படும்."

முகம் என்னுடையது, பிலிம் ரோல் வாங்கிக் கொடுத்ததும் நான் என்று ஸ்பானர் வாதாடிப் பார்த்தார். அந்த ஆள் மசியவில்லை. படத்தின் உரிமை அதை எடுத்தவருக்குத்தான்.

எடுத்தவர் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அதே அலுவலகத்தில் அப்போது டைப்பிஸ்ட், இப்போது ஸ்பானரின் மனைவி.

"ஏங்க, ஆறு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரியுறீங்களே, என்ன சங்கதி?"

மென்று முழுங்கிச் சொன்னார்.

"சொந்த ஆக்கமா? கூட வேலை பாத்தவளோட பிரிவு உபசாரத்துக்குன்னு எங்கண்ணன்கிட்ட கெஞ்சி கேமரா வாங்கிட்டு வந்தவ நானு!"

"அதுக்குத்தான் சொல்றேன், அனுமதி குடுத்து ஒரு மெயில் போடும்மா."

"போட்டா அந்தப் படத்த யார் வேணா எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம். விக்கக்கூட செய்யலாம். உன் பேர மட்டும் போடணும்."

"நாளைக்கு வேணாம்னா திருப்பிக் கேக்க முடியாதா?"

"முடியாது."

"நம்ம கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க."

கம்ப்யூட்டர் முன்னால் அம்மாள் உட்கார்ந்ததும் பழைய டைப்பிஸ்ட் விரல்கள் பறந்தன. படம் எந்தச் சூழ்நிலையில் எடுக்கப்பட்டது என்ற வரி வந்தபோதுதான் சிக்கல். படத்தை ஏற்றும்போது விளக்கத்தில் 'கதவைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்' என்று போட்டிருந்தார் ஸ்பானர்.

"பழுது பாத்தீங்களா? மூணாவது மாடிக்கு ஒரு முழம் கீழ லிஃப்ட் நின்னு போய், கதவும் சிக்கிக்கிச்சு. நாப்பது நிமிஷம் கம்பியப் புடிச்சுட்டு 'யாராவது வாங்கய்யா'ன்னு கத்துனீங்க. சிரிச்சு சிரிச்சு எனக்குக் கையே ஆடுச்சு."

"அத எழுதித் தொலைக்காதடி! மெக்கானிக்கே லிஃப்ட்ல மாட்டுனான்னு உலகம் பூரா சிரிக்கும்."

"என் பேர்ல போற மெயில்ல பொய் எழுத மாட்டேன். வேணாம்னா விடுங்க, படம் போகட்டும்."

கெடு முடிய ஒரு நாள்தான். ஸ்பானர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நாலு நடை நடந்தார். மானம் போனால் இந்தத் தெருவோடு போகும். படம் போனால் அந்த லிஃப்ட் இருந்ததற்கே சாட்சி கிடையாது.

"சரி, போட்டுத் தொலை."

இரண்டு நாளில் அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். படத்துக்குக் கீழே மனைவியின் பெயரும், அவர் மெயிலில் எழுதியபடியே 'லிஃப்டில் சிக்கிக்கொண்ட மெக்கானிக்' என்ற விளக்கமும் நின்றன. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற தளம்தான். ஸ்பானர் அந்த வரியில் கை வைக்கவில்லை. கட்டுரையைத் திறந்து, 'இதன் கதவு எப்போதாவது சிக்கிக்கொள்ளும்' என்று ஒரு வாக்கியம் சேர்த்தார்.

தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "எப்போதாவதா? வாரத்துக்கு ரெண்டு நாள் நான் மூணு மாடி ஏறிருக்கேன்."

ஸ்பானர் அழித்துவிட்டு 'அடிக்கடி' என்று தட்டினார்.