எதிர்ச்சாரியில் உட்கார்ந்த தவில்காரர்

தணிகாசலம் அண்ணன் போய்விட்ட செய்தியை அவருடைய பெரிய மகன் சைக்கிளில் வந்து சொன்னான். "அப்பா தவறிட்டாரு மாமா" என்றான். நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். சரி என்று சொல்லி, தட்டில் இருந்ததைத் தின்று முடித்துத்தான் எழுந்தேன். பிள்ளையார்பாளையத்துக்கு நடந்து போகும்போதும், அவரைக் கிடத்தியிருந்ததைப் பார்த்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

அவர் தவிலை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் என் நாயனத்துக்குப் பக்கத்தில் நின்றவர். கை பேசுகிறது என்று யாராவது புகழ்ந்தால், "பேசறதுக்குத்தான் வாய் இருக்குதே, கை அடிக்கட்டும்பா" என்பார். பந்தியில் முதல் இலை எப்போதும் அவருடையது. அந்தத் தாளத்தை மட்டும் அவர் ஒருநாளும் தப்பவிட்டதில்லை.

சிங்கப்பூருக்கு ஒரு கோயில் திருவிழாவுக்காகக் கப்பலில் போயிருந்தோம். கடைசி நாள் காலை, அபிஷேகத்துக்கு முன்னால், தெருவைப் பார்த்த முன்மண்டபத்தில் எங்கள் வாசிப்பு. ஜனம் கூடிவிட்டது. அப்போதுதான் கோயில் மேலாளர் எங்கள் அறைக்கு வந்தார். ஊரிலிருந்து தந்தி வந்திருந்தது. அண்ணனின் சம்சாரம் இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார். தகனமும் முடிந்துவிட்டது.

தூரத்துச் சாவுக்கு, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு என்பது நம் வழக்கம். தீட்டுக்காரர் கோயிலுக்குள் வாத்தியத்தைத் தொடக் கூடாது. தவில் இல்லாமல் நாயனமும் கிடையாது. மேலாளர் நல்ல மனுஷர், பாவம், தவித்துப்போனார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் இன்னும் உங்ககிட்ட சொல்லலைன்னு வச்சுக்குங்க. சாயங்காலம் வந்து சொல்றேன்."

"காதுல வுழுந்துடுச்சே சார். இனிமே எப்படி?" என்றார் அண்ணன்.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் விசேஷ நாட்களில் தவில் அடிப்பாராம். அவரைக் கூட்டிவந்தார்கள். அவருக்குக் கைப்பழக்கம் இருந்தது. ஆனால் முத்தாய்ப்பாக வரும் நீளமான தீர்மானம் எங்கே தொடங்கி எங்கே விழ வேண்டும் என்பது பிடிபடவில்லை. அண்ணன் தலை முழுகி, ஈர வேட்டியோடு தெருவைக் கடந்து எதிர்ச்சாரியில் பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்தார். அங்கிருந்து தொடையில் தாளம் போட்டார். தீர்மானம் வரும் இடத்தில் கையை உயர்த்தினார். துறைமுகத்துக்காரர் அந்தக் கையைப் பார்த்து வாசித்தார். நடுவில் பஸ் வந்து மறைக்கும்போதெல்லாம் நாங்கள் தடுமாறினோம். பஸ் போனதும் கை அங்கேயே இருக்கும். முகத்தில் எதுவும் இல்லை. பக்கத்துக் கடைச் சீனக்காரர், வெயிலில் மயக்கமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து டீ கொண்டுவந்து கொடுத்தார். இடது கையால் வாங்கிக் குடித்தார். வலது கை நிற்கவில்லை.

முடிந்த பிறகு குருக்கள் கொஞ்சம் முணுமுணுத்தார். நான் எதையும் தொடவில்லையே சாமி என்று அண்ணன் பதில் சொன்னார். அறைக்கு வந்ததும் அந்த ஆள் எங்கே பிசகினார் என்று எனக்கு விளக்கினார். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவே நிறுத்தி, "இனிமே ஊட்டுக்குப் போனா யாருப்பா கதவு தெறப்பா?" என்றார். பிறகு துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

எனக்கும் அவருக்கும் ரத்த உறவு கிடையாது. பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. சாத்திரப்படி, சுடுகாட்டிலிருந்து வந்து முழுகிவிட்டு மறுநாளே நான் நாயனத்தை எடுக்கலாம். ஊரில் நான் வாசிக்கும் கோயிலில் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். காரியம் முடிகிறவரை வாசிக்க மாட்டேன் என்று போய்ச் சொன்னேன். அவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நாயனம் உறைக்குள் கிடக்கிறது. அழுகை இன்னும் வரவில்லை. எனக்கு உரிமையில்லாத இந்தத் தீட்டைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.